மூட்டுகளைத் தொட்டுப் பார்த்துப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மூட்டுகளைப் படிக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் அசைவை வைத்தே பிரிக்கிறார்கள்: அசையாதவை, கொஞ்சம் அசைபவை, நன்றாக அசைபவை. தேர்வில் மதிப்பெண் வாங்க அது போதும். ஒரு மூட்டு ஏன் சுளுக்குகிறது, ஏன் நழுவுகிறது, ஏன் தேய்கிறது என்று புரிய வேண்டுமானால் வேறு கேள்வி கேட்க வேண்டும்: இரண்டு எலும்புகளுக்கு நடுவில் என்ன இருக்கிறது? நார் இருந்தால் ஒரு வகை. குருத்தெலும்பு இருந்தால் இன்னொன்று. திரவம் உள்ள இடைவெளி இருந்தால் மூன்றாவது. எவ்வளவு அசையும் என்பது இதிலிருந்து தானாக வந்துவிடும். அசைவு கூடினால் உறுதி குறையும். அந்தக் குறையை ஈடுகட்ட உடல் எதை நம்பியிருக்கிறதோ, அதுதான் பெரும்பாலும் முதலில் பழுதாகும். கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

தேவையானவை: உங்கள் உடல், உதவிக்கு ஒருவர், ஆட்டின் பின்னங்கால் முட்டி ஒன்று, அரை நாள் பொழுது. நர்சிங், பிசியோதெரபி, மருத்துவம் முதலாண்டு படிப்பவர்களுக்கும் பிளஸ் ஒன் விலங்கியல் மாணவர்களுக்கும் இது உதவும். முட்டி ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழம்புபவர்களும் படிக்கலாம்.

படி 1: நாரால் கட்டியவை

மண்டையோட்டு எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் கோடுகளுக்குத் தையல்கள் என்று பெயர். அவற்றைப் பெரியவர்களிடம் விரலால் தேடுவது வீண். கைக்குழந்தையிடம் பாருங்கள். உச்சிக்குழி என்பது தையல்கள் இன்னும் நெருங்காத இடம். கையைக் கழுவி, குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, விரலின் தட்டையான பகுதியால் மெதுவாகத் தடவுங்கள். சாய்சதுர வடிவம் தெரியும். அழும்போது தொட்டால் புடைத்திருக்கும். அதை நோய் என்று எண்ணிவிடக் கூடாது. அமைதியாக இருக்கும்போதும் புடைத்திருந்து கூடவே காய்ச்சலும் இருந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வயிற்றுப்போக்கின்போது குழி உள்வாங்கியிருந்தால் உடலில் நீர் வற்றிவிட்டது என்று பொருள். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை வயதுக்குள் இது மூடிவிடும்.

பல்லும் தாடையெலும்பும் சேரும் இடமும் ஒரு நார் மூட்டுதான். நடுவில் இருக்கும் நார்ப்படலத்தின் தடிமன் சுமார் 0.2 மில்லிமீட்டர். சோற்றில் ஒரு பொடிக்கல் கடிபட்டதும் தாடை சட்டென்று நின்றுவிடுவது, அந்தப் படலத்தில் இருக்கும் நரம்புகள் அழுத்தத்தை உணர்வதால்தான். பற்களுக்குக் கம்பி கட்டும்போது பல் நகர்வதும் இந்தப் படலம் வழியாகத்தான்.

மூன்றாவது, கீழ்க்காலின் இரண்டு எலும்புகளைக் கணுக்காலுக்குச் சற்று மேலே பிணைக்கும் நார்க்கட்டு. முன்னங்கையின் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலும் இதே போல ஒரு நார்த்தகடு ஓடுகிறது. சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக்காரர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். ஃபுளோரைடு மிகுந்த போர் தண்ணீரைப் பல ஆண்டுகள் குடிப்பவர்களுக்கு இந்த நார்களிலும் லிகமென்ட்களிலும் (எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்ப்பட்டைகள்) சுண்ணாம்புச் சத்து படிந்து அவை எலும்பாக இறுகத் தொடங்கும். முன்னங்கை எக்ஸ்ரேயில் நார்த்தகடு இருக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு விழும். முதுகு விறைத்துக் குனிய முடியாமல் போகும். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு வழியில்லாத இடத்திலும் 1.5-ஐத் தாண்டக் கூடாது. கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். போர் தண்ணீர் குடிக்கும் வீடுகள் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. எலும்பு இறுகிய பிறகு மருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

படி 2: குருத்தெலும்பால் இணைந்தவை

முதுகெலும்புத் தொடரில் முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பவை டிஸ்க்குகள், மொத்தம் 23. ஒவ்வொன்றிலும் வெளியே நார் வளையங்கள், நடுவே நீர்ச்சத்து மிகுந்த மென்பகுதி. மண்டையோட்டுக்கும் முதல் முள்ளெலும்புக்கும் நடுவிலோ, முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவிலோ டிஸ்க் கிடையாது.

டிஸ்க் சுமை தாங்குவதை வீட்டுச் சுவரிலேயே அளக்கலாம். காலையில் எழுந்த சில நிமிடங்களுக்குள் வெறுங்காலுடன் குதிகால், புட்டம், முதுகு மூன்றும் சுவரில் படும்படி நில்லுங்கள். உச்சந்தலையில் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைச் சுவருக்குச் செங்குத்தாக வைத்து, பென்சிலால் ஒருவர் கோடு போடட்டும். இரவு படுக்கும் முன் அதே இடத்தில் மறுபடி. ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்திருக்கும். பகல் சுமையில் டிஸ்க்கிலிருந்து நீர் வெளியேறி, இரவு படுத்தபின் திரும்ப ஊறுவதே காரணம். வித்தியாசமே வரவில்லை என்றால் கொண்டை உயரமாக இருந்திருக்கும், அல்லது குதிகால் எழும்பியிருக்கும்.

டிஸ்க் பிதுங்கல் பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் வருகிறது. உடல் எடை அங்கேதான் அதிகம் இறங்குகிறது, வளைவும் அங்கேதான் அதிகம். பின்புறத்தில் நடுவே ஓடும் நீண்ட லிகமென்ட் இடுப்புப் பகுதியில் குறுகிவிடுவதால், பிதுங்கல் பின்பக்கமாக ஓரத்தில் வெளிவந்து காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது. இடுப்பில் கோளாறு இருக்க, காலில் வலி இறங்குவது இதனால்.

வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளில், எலும்பு நீளும் இடத்தில் இருக்கும் குருத்தெலும்பான வளர்ச்சித் தட்டும் இந்த வகைதான். அது சுற்றியுள்ள லிகமென்ட்டை விட வலு குறைந்தது. ஆகவே பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை கையூன்றி விழுந்து மணிக்கட்டு வீங்கினால், சுளுக்கு என்று விட்டுவிடாமல் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். பெரியவர்களுக்கு லிகமென்ட் இழுபடும் விசையில் பிள்ளைகளுக்கு வளர்ச்சித் தட்டு விலகிவிடலாம்.

படி 3: ஆட்டு முட்டியைத் திறந்து பார்ப்பது

மூன்றாவது வகையான, திரவம் உள்ள இடைவெளி கொண்ட சைனோவியல் மூட்டைப் படத்தில் படிப்பதும் கையால் திறந்து பார்ப்பதும் ஒன்றாகாது. மனித முழங்காலுக்கு மிக நெருக்கமாகக் கிடைப்பது ஆட்டின் பின்னங்கால் முட்டி. ஆட்டின் பின்னங்காலில் பின்பக்கமாகத் துருத்தி நிற்கும் மூட்டை முழங்கால் என்று எண்ணுபவர்கள் பலர். அது கணுக்கால். முழங்கால் அதற்கு மேலே, தொடைக்கறி முடியும் இடத்தில், வயிற்றை ஒட்டி இருக்கிறது.

கறிக்கடையில் "அண்ணா, பின்னங்கால் முட்டியக் கொத்தாம முழுசா குடுங்க, மேல நாலு விரல், கீழ நாலு விரல் எலும்பு விட்டு" என்று கேளுங்கள். ஞாயிறு காலைக் கூட்டத்தில் கேட்டால் பழக்கத்தில் கத்தி முட்டியிலேயே விழுந்துவிடும், வாரநாளில் போங்கள். அன்று வெட்டியதாக இருக்கட்டும். வேகவைக்கக் கூடாது. வெந்தால் லிகமென்ட் குழைந்து, எது எதை இழுத்துப் பிடிக்கிறது என்றே தெரியாமல் போகும்.

கையுறை, முனை கூரான சிறு கத்தி, கத்தரி, சாமணம், பழைய தட்டு ஆகியவற்றை எடுத்துவையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து அருகில் வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூட்டின்மேல் தெளியுங்கள். காற்றில் காய்ந்தால் குருத்தெலும்பின் பளபளப்பு போய் மஞ்சளிக்கும், தேய்ந்த மூட்டு என்று தவறாக எண்ணவைக்கும்.

வெட்டுமுன் மடக்கி நீட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், கீழெலும்பை முன்னே இழுத்துப் பாருங்கள். இந்த மூன்று அசைவும் இப்போது எவ்வளவு என்பதைக் கை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

மேலுள்ள கறியைச் சுரண்டி எடுத்ததும் முன்பக்கம் முழங்காற்சில்லும், அதிலிருந்து கீழெலும்புக்கு இறங்கும் தடித்த நாரும் தெரியும். சில்லின் உட்பக்க ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு மூட்டைச் சுற்றியுள்ள உறையைக் கீறுங்கள். கத்தியின் கூர் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். ஆழமாக இறக்கினால் குருத்தெலும்பில் கோடு விழுந்துவிடும்; முதல்முறை செய்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். உறை திறந்ததும் கசியும் திரவத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து விரியுங்கள். முட்டை வெள்ளைக்கரு போல நூலாக இழுபடும். மனித முழங்காலிலேயே இது 4 மில்லிலிட்டருக்குள்தான். மூட்டில் அழற்சி வந்தால் அளவு பல மடங்கு கூடும். ஆனால் நீர்த்துப்போகும், நூல் இழுபடாது. உறையின் உள்பக்கம் மென்மையாக, இளஞ்சிவப்பாக இருப்பது சைனோவியல் படலம். இந்தத் திரவத்தைச் சுரப்பது அதுதான்.

வெட்டை மேலே நீட்டிச் சில்லைப் புரட்டுங்கள். அடியில் மஞ்சள் கொழுப்புத் திண்டு. அதற்குப் பின்னால் வெள்ளை நீலமாக மின்னும் குருத்தெலும்பு. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து உடனே எழும்பும். மனிதர்களின் பெரிய மூட்டுகளில் இதன் தடிமன் பொதுவாக 2 முதல் 4 மில்லிமீட்டர். சில்லின் பின்புறத்தில் இன்னும் தடிமன். இதில் ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பு இல்லாததால் தேய்மானம் தொடங்கும்போது வலிக்காது. அடியிலுள்ள எலும்பும் சுற்றியுள்ள படலமும் பாதிக்கப்பட்ட பிறகே வலி வரும். ரத்தக்குழாய் இல்லாததால், திரவம் அழுந்தி வெளியேறி மறுபடி உள்ளே ஊறினால்தான் அதற்கு ஊட்டம். முட்டி வலிக்கிறது என்று மாதக்கணக்கில் காலை அசைக்காமல் வைப்பது குருத்தெலும்பைப் பட்டினி போடுவதாகும்.

இனி சிலுவை லிகமென்ட்கள். மூட்டை நன்றாக மடக்கினால் நடுவில் இரண்டு வெள்ளை நார்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் போவது தெரியும். இங்கே ஒரு எச்சரிக்கை: வெளிப்பக்க முன்புறத்தில் தொடையெலும்பிலிருந்து தொடங்கி மூட்டு வழியாகக் கீழே இறங்கும் ஒரு தடித்த தசைநாண் ஆட்டுக்கு உண்டு. மனித முழங்காலில் அது இல்லை. அதைச் சிலுவை லிகமென்ட் என்று எண்ணி வெட்டிவிடாதீர்கள். சரியான முன் சிலுவை லிகமென்ட்டைச் சாமணத்தால் பிடித்து, கீழெலும்பை முன்னே இழுங்கள். அது விறைக்கும். இப்போது அதை மட்டும் வெட்டிவிட்டு மறுபடி இழுங்கள். கீழெலும்பு இழுப்பறை போல முன்னே வரும். கபடி ஆட்டத்தில் முட்டி திரும்பி விழுந்தவரின் காலை மடக்கி மருத்துவர் முன்னே இழுத்துப் பார்ப்பது இதே சோதனைதான்.

கடைசியாகப் பக்கவாட்டு லிகமென்ட்களை அறுத்து எலும்புகளைப் பிரித்தால், கீழெலும்பின் மேல் மெனிஸ்கஸ் எனப்படும் பிறை வடிவக் குருத்தெலும்புத் திண்டுகள் இரண்டு இருக்கும். ஒன்றைக் குறுக்கே வெட்டுங்கள்: வெளியோரம் தடிமன், உள்ளோரம் தாள்போல. மனிதரில் உட்பக்க மெனிஸ்கஸ் உட்பக்க லிகமென்ட்டோடு ஒட்டியிருப்பதால் நகர இடமில்லை, அதனால் அதுவே அதிகம் கிழிகிறது. ரத்த ஓட்டம் வெளியோரத்தில்தான் உண்டு. அங்கே கிழிந்தால் தைத்து ஆறவைக்கலாம், உள்ளோரம் கிழிந்தால் ஆறுவது அரிது. எனவே ஸ்கேன் பார்த்து "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்று சொன்னால், சிலுவை லிகமென்ட்டா, மெனிஸ்கஸா, எந்தப் பக்கம், எந்த ஓரம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிகிச்சை அதைப் பொறுத்தே மாறும்.

முடிந்ததும் எல்லாவற்றையும் கட்டிக் குப்பையில் சேருங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள், தெருநாய் இழுத்துவிடும்.

படி 4: சைனோவியல் வகைகளை உங்கள் உடலில் தேடுவது

பாடநூல் முழங்காலைக் கீல் மூட்டு என்று எழுதி முடித்துவிடுகிறது. அது போதாது. நாற்காலியில் உட்கார்ந்து முட்டியை 90 பாகைக்கு மடக்கி, தொடையை அசைக்காமல் பாதத்தை உள்ளும் வெளியும் திருப்புங்கள். கீழ்க்கால் சுழல்கிறது. காலை முழுதும் நீட்டிவிட்டு அதையே செய்தால் சுழற்சி இடுப்பிலிருந்துதான் வரும். நீட்டும்போது கடைசிச் சில பாகைகளில் கீழெலும்பு சற்று வெளிப்பக்கம் திரும்பி முட்டி பூட்டிக்கொள்வதே காரணம்.

சுத்தமான கீல் என்றால் முழங்கைதான். அதை 90 பாகைக்கு மடக்கி, பின்னால் இருக்கும் கூர்முனை, இருபக்கக் குமிழ்கள் ஆகிய மூன்றிலும் விரல் வையுங்கள். முக்கோணம் தெரியும். கையை நீட்டினால் மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வரும். முழங்கை நழுவினால் இந்த முக்கோணம் குலையும். குமிழ்களுக்கு மேலே எலும்பு முறிந்திருந்தால் குலையாது.

அதே முழங்கையின் வெளிக்குமிழுக்குச் சற்றுக் கீழே விரல் வைத்து உள்ளங்கையை மேலும் கீழும் புரட்டுங்கள். அடியில் சுழல்வது ஆரை எலும்பின் தலை. இது முளை மூட்டு. ஒரு வளைய லிகமென்ட் அதைப் பிடித்திருக்கிறது. சிறு குழந்தைகளுக்கு, குறிப்பாக நான்கு வயதுக்குள், அந்த வளையம் தளர்வாக இருக்கும். பேருந்தில் ஏற்ற ஒற்றைக் கையைப் பிடித்துத் தூக்கினால் எலும்புத்தலை வளையத்திலிருந்து வழுக்கும். குழந்தை கையை மடக்காமல் தொங்கவிட்டு அழும். வீட்டில் இழுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மருத்துவர் நொடிகளில் போட்டுவிடுவார். தூக்குவதென்றால் இரு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்குங்கள். கழுத்தின் முதல் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவிலும் முளை மூட்டு உண்டு. தலையை 'இல்லை' என்று ஆட்டும் சுழற்சியில் ஏறக்குறைய பாதி அங்கிருந்து வருகிறது.

கட்டைவிரல் அடி, மணிக்கட்டைச் சேரும் இடத்தில், குதிரைச் சேணம் போன்ற வடிவில் இருப்பது சேண மூட்டு. கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொட முடிவது இதனால். விரல் நுனியில் கிள்ளும் விசை இந்த அடிமூட்டில் பத்து மடங்குக்கு மேல் பெருகி இறங்குகிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நாள் முழுதும் சாமணம் பிடித்துக் கொலுசு வளையம் கோத்துப் பற்றவைப்பவர்களுக்குக் கட்டைவிரல் அடியில் வலி வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த மூட்டை. சாமணத்தின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் கிள்ளும் விசை குறையும்.

மணிக்கட்டும், விரல்கள் உள்ளங்கையோடு சேரும் மொளிகளும் முட்டை வடிவ மூட்டுகள்: மடங்கும், பக்கவாட்டில் சாயும், தானாகச் சுழலாது. மணிக்கட்டின் சிற்றெலும்புகளுக்கு நடுவில் இருப்பவை வழுக்கு மூட்டுகள்.

பந்துக் கிண்ண மூட்டுகள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் முதலில் சொன்ன கணக்கு பிடிபடும். தொடையெலும்பு சேரும் இடுப்பு மூட்டில் கிண்ணம் ஆழம், சுற்றிலும் உடலின் மிக வலுவான லிகமென்ட்கள். எளிதில் நழுவாது, ஆனால் காலைக் கைபோல எல்லாப் பக்கமும் வீச முடியாது. தோளில் கிண்ணம் மிக மேலோட்டமானது, பந்தின் மூன்றில் ஒரு பங்கைத்தான் தாங்குகிறது. மீதியைப் பிடித்திருப்பவை நான்கு சிறு தசைகள். ஒருவர் கையை மெல்ல உயர்த்தட்டும். அவரது தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் நீங்கள் கட்டைவிரலை வையுங்கள். முழு உயர்த்தலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அந்த எலும்பு நகர்ந்து கொடுப்பது. ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் ஏணியில் நின்று தலைக்கு மேல் மிளகு பறிப்பவர்களுக்கு, கையைப் பக்கவாட்டில் 60 முதல் 120 பாகை வரை தூக்கும்போது மட்டும் வலித்தால், அந்த நான்கில் மேலே ஓடும் தசையின் நாண் தோளின் எலும்புக் கூரைக்கு அடியில் நெரிபடுவதாகக் கொள்ளலாம். ஏணியை இன்னும் ஒரு படி ஏறி, கை தோளுக்குக் கீழே இருக்கும்படி பறிப்பது உதவும். ஏணி அதற்கு உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும்.

படி 5: மலை இறங்கும்போது எது பழுதாகிறது

சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுச் சாலையை விட்டு ஒற்றையடிப் பாதையில் நடந்து இறங்குபவர்கள் ஏறும்போது மூச்சு வாங்குவார்கள். மூட்டு கெடுவது இறங்கும்போதுதான்.

கணுக்காலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடு எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பாதத்தை மேல்நோக்கி வளைத்தால் அகலமான பகுதி இரு குமிழ்களுக்கு நடுவில் இறுகும். பாதம் கீழ்நோக்கி நீளும்போது குறுகிய பகுதி அங்கே வந்து மூட்டு தளரும். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு நிலையிலும் குதிகாலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சரிவில் ஒவ்வொரு அடியிலும் நுனிக்கால் கீழே நீண்டுதான் தரையைத் தொடுகிறது. அந்நேரம் உருண்டைக் கல்லில் மிதித்தால் பாதம் உட்பக்கம் மடங்கி, வெளிக்குமிழின் முன்னால் உள்ள லிகமென்ட் முதலில் கிழியும். முழங்காற்சில்லுக்குப் பின்னாலும் இறக்கத்தில் உடல் எடையின் மூன்று மடங்கு அளவுக்கு அழுத்தம் விழுகிறது. தொடைத் தசை தளர்ந்தபின் இது இன்னும் மோசம். ஆகவே அடிகளைக் குறுக்குங்கள், முட்டியைச் சற்று மடக்கியே வையுங்கள், ஷூ கயிற்றைக் கணுக்காலோடு இறுக்குங்கள், கையில் ஒரு தடி வையுங்கள். முதுகில் சுமக்கும் பாரத்தைக் குறையுங்கள்.

சுளுக்கினால் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு: தாங்கித் தாங்கியாவது நான்கு அடி நடக்க முடிகிறதா? இரு குமிழ்களின் பின்னோரத்தில், நுனியிலிருந்து 6 சென்டிமீட்டர் வரை எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் வெளியோர நடுவில் துருத்தும் எலும்பையும் உட்பக்க வளைவின் மேலுள்ள எலும்பையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். நடக்க முடியாவிட்டாலோ எலும்பில் வலித்தாலோ எக்ஸ்ரே. இல்லையென்றால் துணி சுற்றிய ஐஸ் 15 நிமிடம், கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைத்தல். முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய் போட்டு உருவ வேண்டாம், உள்கசிவு கூடும். அதன்பின் வலி பொறுக்கும் அளவுக்கு அசைக்கத் தொடங்குங்கள். வீக்கம் வடிந்ததும் தினமும் ஒற்றைக்காலில் 30 வினாடி நின்று பழகுங்கள். லிகமென்ட் கிழியும்போது பாதம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று சொல்லும் நரம்பு முனைகளும் கெடுகின்றன. அந்தப் பயிற்சியை விட்டவர்களுக்குத்தான் அதே கால் மறுபடி மறுபடி மடங்குகிறது.

முழங்காலில் அடிபட்டால் வீக்கம் வந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பெரிதாக வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கும்: பெரும்பாலும் சிலுவை லிகமென்ட் கிழிவு அல்லது எலும்பு முறிவு. மறுநாள் மெதுவாக வீங்கினால் பெரும்பாலும் மெனிஸ்கஸ். மடங்கிய முட்டி நீட்ட முடியாமல் சிக்கிக்கொண்டால் வலுக்கட்டாயமாக நீட்டாமல் அப்படியே காட்டுங்கள். அடியே படாமல் ஒரு மூட்டு சூடாகி, சிவந்து, வீங்கி, கூடவே காய்ச்சலும் இருந்தால் உள்ளே சீழ் பிடித்திருக்கலாம். கிருமி சில நாட்களிலேயே குருத்தெலும்பைக் கரைத்துவிடும். மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், மூட்டு நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.